எலிக்கு வலி போனால் எனக்கும் போகுமா?

போன இதழில் மூளை அழற்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வலியோடு இருப்பவர்கள் எழுதியவை, அல்லது வலியோடு இருப்பவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எழுதியவை. நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் 24 வருடம் எலிகளுக்கு வலி மருந்து கொடுத்து, அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக் குறித்து வைத்தவள். அந்த அனுபவத்திலிருந்து என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு அக்கி வந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் போகவில்லை. துணி உரசினாலே உயிர் போகிறது. "மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து எலிகளின் நரம்பு வலியைப் போக்கியது" என்று செய்தியில் படித்தேன். அந்த மருந்து எனக்கு எப்போது கிடைக்கும் மேடம்?
– 61 வயது வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. நேரான பதிலைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது, அப்படியே சொல்கிறேன்.

முதலில் அந்த "வீக்கம்". நான் அழற்சி என்று எழுதியதைத்தான் செய்தியில் அப்படிச் சொல்கிறார்கள். அடிபட்ட இடம் புடைப்பதுபோல மூளை புடைத்திருக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் மைக்ரோகிளியா என்று ஒரு வகை செல்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919-ல் இவற்றைத் தனியாக அடையாளம் காட்டினார். இவை காவல்காரர்கள் மாதிரி. சும்மா இருக்கும்போது மெல்லிய கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நரம்பு அடிபட்டால், அது வந்து சேரும் தண்டுவடப் பகுதியில் இந்தச் செல்கள் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு, உடல் பருத்து, சில வேதிப்பொருள்களைக் கக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் உள்ள வலி நரம்புகள் அதனால் முறுக்கேறிப்போகின்றன. சாதாரணத் தொடுதலும் அப்போது வலியாகவே மேலே போகிறது. துணி உரசினால் உயிர் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எலி ஆய்வுகள் சொல்கின்றன. 2003-ல் ஜப்பானின் கசுஹிதே இனோவே குழுவினர் இந்தச் செல்களின் மேல் இருக்கும் ஒரே ஒரு வாயிலை அடைத்தார்கள். எலியின் தொடுவலி குறைந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றபடியே படித்தது இன்னும் நினைவிருக்கிறது. வலி என்றால் நரம்பு, நரம்பு என்றால் வலி என்று படித்து வந்தவர்கள் நாங்கள்.

சரி, அப்படியானால் அந்தச் செல்களை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் போதுமே? அதே 2003-ல் மினோசைக்ளின் என்ற பழைய ஆண்டிபயாடிக்கை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. இந்த மருந்து மூளைக்குள் நுழையும், மைக்ரோகிளியாவை அடக்கும். நரம்பைச் சேதப்படுத்துவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிய எலிகளுக்கு வலி சரியாக வளரவே இல்லை. நரம்பைச் சேதப்படுத்தி ஐந்து நாள் கழித்து, வலி வந்தபின் தொடங்கிய எலிகளுக்கு வலி குறையவில்லை. செய்திகளில் இந்த இரண்டாவது பாதி அநேகமாக வருவதே இல்லை. உங்களுக்கு வலி வந்து நான்கு வருடம் ஆகிறது. அதனால்தான் இதைப் போன்ற செய்தியை எடுத்தவுடன் நான் முதலில் தேடுவது, மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்பதை.

உங்கள் வலிக்கே நேராக ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. புரோபென்டோஃபில்லின் என்ற மருந்து எலிகளில் கிளியா செல்களை (மைக்ரோகிளியாவும் சேர்ந்த செல் குடும்பம் அது) அடக்கி வலியை நன்றாகக் குறைத்தது. அதை அக்கிக்குப் பிந்தைய வலி உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை, 2012-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் அதோடு நிற்காமல், எலியின் மைக்ரோகிளியாவையும் மனித மைக்ரோகிளியாவையும் தனித்தனியே வளர்த்து அதே மருந்தை ஊற்றினார்கள். எலிச் செல் அடங்கியதுபோல மனிதச் செல் அடங்கவில்லை. தோற்ற மருந்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஜெயித்ததை மட்டும் எழுதியிருந்தால் இன்றும் நாம் அதே கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

ஆக, நீங்கள் படித்த செய்தியில் உள்ள மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்காக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், லிடோகைன் ஒட்டுப்பட்டை இவையெல்லாம் அக்கி வலிக்கு மனிதர்களிடமே சோதித்துப் பலன் கண்டவை. முதலில் கொடுத்த அளவு சரிப்படவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எதை எவ்வளவு நாள், எந்த அளவில் எடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரையோ வலி மருத்துவரையோ பாருங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்தால் உடம்பெல்லாம் வலிக்கிறதே, அதுவும் இந்த மூளை அழற்சிதானா?
– பள்ளி மாணவர்

பதில்: ஓரளவுக்கு ஆமாம். பாக்டீரியாவின் மேல்தோலிலிருந்து எடுத்த ஒரு பொருளை எலிக்கு ஊசி போட்டால், உள்ளே கிருமியே இல்லாவிட்டாலும் எலி மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும், சாப்பிடாது, வாலைச் சூடாக்கினால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் சுரக்கும் இன்டர்லூகின்-1 போன்ற பொருள்கள் மூளைக்குச் செய்தி அனுப்ப, அங்கே உள்ள செல்களும் அதையே சுரக்கத் தொடங்குகின்றன. "படுத்துக்கொள், அசையாதே" என்று உடம்பு போடும் உத்தரவு அது. தேவையான நேரத்தில் வந்து, தேவை முடிந்ததும் போய்விடுவதால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். போகாமல் தங்கிவிட்டால்தான் தொல்லை.

கேள்வி: எலி பேசாது. அதற்கு வலி குறைந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? முதுநிலை ஆய்வு தொடங்கப் போகிறேன், அதனால் விரிவாகச் சொல்லுங்கள்.
– மருந்தியல் மாணவர்

பதில்: தம்பி, என் வேலை முழுக்க இந்த ஒரு கேள்விதான். இதைக் கேட்டுவிட்டு ஆய்வைத் தொடங்குகிறீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி.

பழைய வழி இது. கம்பி வலைமேல் எலியை விட்டு, மேலே ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்ப்போம். புது இடம் என்பதால் அது சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும், பின்னங்காலில் நிற்கும், முகம் கழுவும். அடங்க அரைமணி ஆகும். அதுவரை காத்திருக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. அப்புறம் வலைக்குக் கீழிருந்து ஒரு நைலான் இழையை அதன் உள்ளங்காலில் வைத்து, இழை வளையும்வரை அழுத்துவோம். மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்ற விஞ்ஞானி 1890-களில் குதிரை முடியை வைத்துச் செய்த கருவியின் வழிவந்தது இது. ஒவ்வொரு இழையும் இத்தனை கிராம் அழுத்தத்தில் வளையும் என்று கணக்கு உண்டு. நல்ல எலி 15 கிராம் வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். நரம்பு சேதமான எலி 4 கிராமுக்குக் கீழேயே காலை வெடுக்கென்று இழுத்து, தூக்கிப் பிடித்து, நக்கும். மருந்து கொடுத்த பிறகு மறுபடி 15-க்கு வந்தால், வலி குறைந்தது என்று எழுதிவிடுவோம்.

இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். ஆய்வுக்கு வந்த மூன்றாவது வருடம். ஒரு புதிய மருந்து, எட்டு எலி, எட்டும் 15 கிராமுக்கு வந்துவிட்டன. இரவு தூக்கமே வரவில்லை எனக்கு. மறுநாள் எங்கள் மூத்த ஆய்வாளர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "உருளையில் ஏற்றிப் பார்த்தாயா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். சுழலும் உருளைமேல் எலியை நிற்க வைப்பது ஒரு சோதனை; தெளிவாக இருக்கும் எலி நடந்து சமாளிக்கும். என் எட்டு எலிகளும் சில நொடியில் விழுந்தன. மருந்து வலியைக் குறைக்கவில்லை, எலியை மயக்கத்தில் தள்ளியிருந்தது. காலை இழுக்கத் தெம்பில்லாத எலியை வலியில்லாத எலி என்று எழுதி வைத்திருந்தேன். அந்த எட்டு எலிகளையும் நினைத்து அன்று அழுதேன். அதற்குப் பிறகு உருளைச் சோதனை இல்லாத ஒரு வலி முடிவையும் நான் நம்பியதில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

காலை இழுப்பது அனிச்சைச் செயல். முதல் கேள்வியை எழுதியிருக்கும் அந்த அம்மாவை வாட்டுவது அனிச்சைச் செயல் இல்லையே; இரவும் பகலும் கூடவே இருக்கும் எரிச்சல். அதை எலியிடம் எப்படி அளப்பது? 2009-ல் ஃப்ராங்க் பொரேக்கா குழுவினர் செய்ததை நான் இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாகச் சொல்வேன். வேறுவேறு தோற்றம் உள்ள அறைகள் கொண்ட ஒரு பெட்டி. நரம்பு சேதமான எலிக்கு ஓர் அறையில் தண்டுவடத்தில் வலி மருந்து, இன்னோர் அறையில் வெறும் உப்பு நீர். பிறகு எந்த மருந்தும் இல்லாமல் திறந்துவிட்டால், மருந்து கிடைத்த அறைக்குப் போய் அதிக நேரம் உட்காருகிறது. நரம்பு நன்றாக இருக்கும் எலிக்கு அந்த அறைமேல் ஆசையே இல்லை. யாரும் தொடாமல், குத்தாமல் இருக்கும்போதும் அந்த எலிக்கு வலி இருந்திருக்கிறது, அது நீங்கிய இடத்தை நினைவு வைத்திருக்கிறது. கேட்டால் சொல்லத் தெரியாத உயிர், நடந்து போய்ச் சொல்லிவிட்டது.

முகத்தையும் பாருங்கள். 2010-ல் கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் சுண்டெலியின் முகத்துக்கு வலி அளவுகோல் தயாரித்தார்கள்: கண்ணை இடுக்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசையும் நிலை மாறுவது. ஒரு வாரம் பழகினால் கூண்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடலாம்.

இன்னும் ஒன்று. அதே குழு 2014-ல் காட்டியது: பக்கத்தில் ஓர் ஆண் ஆய்வாளர் நின்றாலே, அவர் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்தாலே, எலிகளும் சுண்டெலிகளும் பதற்றத்தில் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலையில் நானும் மாலையில் ஒரு நண்பரும் சோதித்த எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று வருடக்கணக்கில் குழம்பியிருக்கிறோம். யார் சோதித்தார், எத்தனை மணிக்கு என்பதை நோட்டில் எழுதுங்கள். எந்த எலிக்கு எந்த மருந்து என்பது சோதிப்பவருக்குத் தெரியவே கூடாது. அதில் மட்டும் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு வாங்கிய மினோசைக்ளின் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது. எலிக்கு கிலோவுக்கு 40 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று படித்தேன். என் எடை 60 கிலோ. முதுகு வலிக்கு அந்தக் கணக்கில் எடுத்துப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் கணக்கில் 2400 மில்லிகிராம் வருகிறது. மருத்துவர்கள் கிருமித் தொற்றுக்குக் கொடுப்பது வழக்கமாக நாளைக்கு 200. சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துத் தள்ளிவிடும். அதனால் எலியின் அளவை எடையால் மட்டும் பெருக்கக்கூடாது. உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். எலி என்றால் கிலோ அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலி என்றால் 12.3-ஆல். அப்படிப் பார்த்தால் 387 வரும், அதுவே வழக்கத்தைவிட அதிகம். புதிய மருந்தின் முதல் சோதனையில் அதிலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம்.

அளவு சரியாகவே இருந்தாலும் சொல்கிறேன். ஏஎல்எஸ் என்ற நோயில் தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும். அந்த நோயுள்ள சுண்டெலிகளுக்கு மினோசைக்ளின் நல்லது செய்தது, கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. மனிதர்களில் 412 பேரிடம் சோதித்து 2007-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட 25 விழுக்காடு வேகமாக மோசமானார்கள். நல்ல மனதோடு, முறையாக, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தும் இப்படி ஆனது. எலியில் உதவிய மருந்து மனிதரில் உதவாமல் போவது மட்டுமில்லை, கெடுதலும் செய்யலாம். மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். முதுகு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வுகளில் ஏன் ஆண் எலிகளே அதிகம்? நாள்பட்ட வலி பெண்களுக்குத்தானே அதிகம் என்கிறார்கள்?
– செவிலியர்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி, அதனால் எண்கள் சிதறும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பல வருடம் அப்படியே ஆண் எலியை மட்டும் வாங்கினேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று 2015-ல் புரிந்தது. ஆண் சுண்டெலியின் தண்டுவடத்தில் மைக்ரோகிளியாவை அடக்கினால் தொடுவலி போகிறது. பெண் சுண்டெலியில் அதே மருந்து வேலை செய்யவில்லை. பெண் சுண்டெலிகள் டி-செல் என்ற வேறொரு நோயெதிர்ப்புச் செல் வழியாக அதே வலியை அடைகின்றன என்று மோகில் குழுவினர் எழுதினார்கள்.

எத்தனை வருடம், எத்தனை ஆய்வுக்கூடங்கள் பாதி உலகத்தின் வலியைப் பார்க்காமலே மருந்து தேடினோம் என்று எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. 2016-லிருந்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் ஆண் பெண் இரண்டையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

கேள்வி: எலிகளை இப்படி வதைப்பது பாவமில்லையா?
– வாசகர்

பதில்: வலியைப் படிக்க வலியைத்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதை மறைக்க எனக்கு வார்த்தை கிடையாது. வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் இருவரும் 1959-ல் மூன்று விதி சொன்னார்கள்: முடிந்தால் விலங்கே இல்லாமல் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடிந்தபின் வேதனையைக் குறை. இதில் இரண்டாவதை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரொம்பக் குறைத்து, முடிவே சொல்ல முடியாத அளவுக்கு நான்கு எலியை வைத்துச் செய்தால், அந்த நான்கும் வீணாகப் போகும். மோசமாகத் திட்டமிட்ட சோதனையைத்தான் நான் பாவம் என்பேன். மயங்கிய அந்த எட்டு எலிகளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். மார்பின் கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மூன்று முறை அளவைக் கூட்டிவிட்டார்கள். மார்பினே மூளையில் அழற்சியை உண்டாக்கி வலியை நீட்டிக்கும் என்று எலி ஆய்வு ஒன்றில் படித்தேன். நிறுத்திவிடலாமா?
– ஒரு மகள்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு, வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று அப்பா படாத பாடு படுவார்.

நீங்கள் படித்தது 2016-ல் பீட்டர் கிரேஸ் குழுவினர் வெளியிட்டதாக இருக்கும். நல்ல ஆய்வு, பொய்யில்லை. நரம்பு சேதமான எலிகளுக்கு ஐந்து நாள் மார்பின் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகு வலி வழக்கமான காலத்தைவிட இரு மடங்கு நீடித்தது. தண்டுவட மைக்ரோகிளியாவின் அழற்சிதான் காரணம் என்றும் காட்டினார்கள். ஆனால் பாருங்கள், அவை ஆண் எலிகள். நரம்பு சேதமான எலிகள், புற்றுநோய் உள்ளவை இல்லை. உங்கள் அப்பாவின் நிலையில் இருக்கும் யாரையும் அந்த ஆய்வு பார்க்கவில்லை.

மார்பின் தரும்போது கிளியாவை அடக்க ஒரு துணை மருந்து சேர்த்தால் என்ன என்ற எண்ணமும் உண்டு. இபுடிலாஸ்ட் என்ற மருந்து ஜப்பானில் 1989-லிருந்து ஆஸ்துமாவுக்குப் பயன்படுகிறது. எலிகளில் மார்பினின் வலி நிவாரணத்தை அது கூட்டியது. மனிதர்களில், வலி மாத்திரையை அளவுக்கு மேல் எடுத்ததாலேயே தலைவலி நீங்காதவர்களிடம் அதைச் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. ஆனால் 2018-ல், மெல்ல முற்றும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) உள்ள 255 பேரிடம், மூளை சுருங்குவதை ஏறத்தாழ பாதி வேகத்துக்குக் குறைத்தது. வலிக்கு என்று தேடியது வேறொரு இடத்தில் கைகொடுத்திருக்கிறது. இந்தத் துறையில் இது புதிதில்லை. விலங்குகளின் வலியைக் குறைத்த ஒரு வகை மருந்துகள் மனிதரின் வலியில் தோற்றன. அதே வகையைச் சேர்ந்த அப்ரெபிட்டன்ட் 2003-லிருந்து கீமோதெரபி வாந்தியை நிறுத்த உதவுகிறது. அப்பாவுக்கும் கொடுத்திருக்கலாம்.

அளவு கூடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கலாம், அல்லது நோய் முற்றியிருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. மார்பினிலிருந்து அதே குடும்பத்தில் வேறு மருந்துக்கு மாற்றலாம். வலியில் நரம்பு எரிச்சல் கலந்திருந்தால் அதற்குத் தனி மருந்து சேர்க்கலாம். ஓரிடத்து எலும்பு வலி என்றால் கதிர்வீச்சு உதவும். இதையெல்லாம் முடிவு செய்ய மருத்துவருக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். ஒரு நோட்டு எடுத்து, அப்பாவுக்கு எத்தனை மணிக்கு வலிக்கிறது, குத்துகிறதா எரிகிறதா, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் குறைகிறது, எப்போது திரும்புகிறது, மலம் போனதா, பகலில் எவ்வளவு தூங்கினார் என்று ஐந்து நாள் எழுதுங்கள். மருந்து போட்டும் தொட்டாலே வலி கூடுகிறது, வலி இல்லாத இடத்திலும் வலிக்கிறது என்றால் அதைத் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள். அது மார்பினாலேயே வரும் வலியாக இருக்க வாய்ப்புண்டு. மருத்துவர் அதற்கு அளவைக் கூட்டாமல் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

எலி பேசாது என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா பேசுவார். இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.